தறிச்சத்தத்துக்கு மேலே

"கட்டும்மா," என்றாள் சர்புன்னிசா. "வீட்டுல எப்படி உக்காந்து கட்டுவியோ அதே மாதிரி. நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்க."

ஜோதிமணிக்குக் கூச்சமாக இருந்தது. போன செவ்வாய்க்கிழமை, மகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இந்த அம்மா, "அடுத்த தடவை வரும்போது நீ கட்டுற சேலையையும் கொண்டுட்டு வா" என்று சொன்னபோது, அவருக்கு ஒரு சுங்குடிச் சேலை வேண்டியிருக்கிறது, நேராகக் கேட்கத் தயங்குகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். சின்னாளபட்டியிலிருந்து திண்டுக்கல் வரும்வரை, என்ன கலர் பிடிக்கும் என்று எப்படிக் கேட்பது என பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்திருந்தாள். இப்போது பார்த்தால் விஷயம் வேறாக இருந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் அந்த ஆஸ்பத்திரியின் பின்கட்டில், கோரைப்பாய் விரித்த நீளமான அறையில், சுவரோடு சேர்த்து நிறுத்திய பெரிய கண்ணாடிக்கு எதிரே அவளைச் சம்மணமிட்டு உட்கார வைத்திருந்தார்கள். மடியில் ஜீவிதா. மூன்றரை வயது. முதுகு அம்மாவின் மார்போடு ஒட்டியிருக்க, உச்சந்தலை சரியாக அம்மாவின் மோவாய்க்குக் கீழே பொருந்தியிருந்தது. உறைக்குள் போட்ட பொருள் மாதிரி அந்த இரண்டு உடம்பும் ஒன்றோடொன்று பழகியிருந்தன.

அவள் சேலையின் மடிப்பை மகளின் முழங்காலுக்கு மேலே விரித்துக் கட்ட ஆரம்பித்தாள். துணியை நகக்கண்ணளவு கிள்ளி எடுத்து, அடியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, வெடுக்கென்று இறுக்க வேண்டும். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. சாயத்தில் முக்கிக் காயவைத்து முடிச்சை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும். பத்துப் பன்னிரண்டு முடிச்சு போனதும் கண்ணாடி மறந்துவிட்டது, அறை மறந்துவிட்டது. கை தன்பாட்டுக்கு ஓடியது. அப்போதுதான் முதுகில் ஒரு உள்ளங்கை வந்து படிந்தது.

"நிறுத்தாத. கட்டு."

சர்புன்னிசாவின் இன்னொரு கை குழந்தையின் விலாவில் இருந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடியபடி அப்படியே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"முடிச்சை இறுக்கும்போது நீ மூச்சு விடுறதே இல்ல ஜோதிமணி."

"எல்லாரும் அப்படித்தாங்க்கா. மூச்சு விட்டா கை ஆடும், கை ஆடுனா நூலு நழுவிரும். எங்க தெருவுல அம்புட்டுப் பேரும் மூச்சப் பிடிச்சுத்தான் கட்டுவோம்."

"இவளும்தான் கட்டுறா."

ஜோதிமணிக்கு விளங்கவில்லை. சர்புன்னிசா அவளுடைய கையைப் பிடித்துக் குழந்தையின் விலாவில் வைத்தாள். "இப்பக் கட்ட வேணாம். கட்டுற மாதிரி மனசுல நெனச்சுக்க. நூலைச் சுத்து. இழு."

ஜோதிமணி மனதுக்குள் நூலை இழுத்தாள். அவளுடைய மூச்சு நின்றது. உள்ளங்கைக்கு அடியில், குருவிக்கூடு போன்ற அந்தச் சின்ன விலாவும் நின்றது. அவள் மூச்சை விட்டாள். விலா நகர்ந்தது. மறுபடி நினைத்துப் பார்த்தாள். மறுபடி நின்றது. கையை நெருப்பில் பட்டதுபோல எடுத்துக்கொண்டாள்.

"அப்ப நாந்தான் இவள இப்படி ஆக்கிட்டனாக்கா?"

"அதச் சொல்லல. இவ பொறக்கும்போதே சதை தளர்ந்து பொறந்தவ, அதுக்கும் உனக்கும் சம்பந்தமில்ல." சர்புன்னிசா பாயில் அவளுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. பேகம்பூரிலிருந்து நடந்தே வருவாள். வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் பஞ்சும் பலூனும் இருக்கும். "இங்க பாரு. உடம்புல பலம் இருக்குற புள்ள நிமிந்து உக்காந்துக்கிட்டே சிரிக்கும், கத்தும், கையை நீட்டும். இவளுக்கு அந்தப் பலம் இல்ல. அதுனால விழாம இருக்க மூச்சப் பிடிச்சுக்கிறா. மூச்சத்தான் தூணா வச்சு நிக்கிறா. தூணு நகந்தா கூரை விழுந்துரும்ல? அதான் விட மாட்டேங்கிறா. மூச்சே வெளிய வராதப்ப சத்தம் எங்கருந்து வரும்? தூணுக்கு வேற ஏற்பாடு நாம பண்ணணும். தலகாணி, சாக்கு, மெத்தை எதையாவது அண்டக் குடுத்து, உடம்பு விழாதுன்னு அவளுக்கு நம்பிக்கை வரணும். அப்புறம் மூச்சு தன்னால எறங்கும். அது நீளமாச்சுன்னா மத்ததுக்கு வழி கிடைக்கும்."

"பேசுவாளாக்கா?"

"தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி சொன்னா அது பொய்."

ஜோதிமணி மகளின் தலையைத் தடவினாள். "பேசக்கூட வேணாம். கூப்பிட்டா எனக்குக் கேக்கணும். தறி ஓடும்போதும் கேக்கணும். அம்புட்டுத்தான்."

"அது என்ன, தறி ஓடும்போது?"

பன்னிரண்டரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஜோதிமணி சேலையைச் சுருட்டினாள். சர்புன்னிசாவும் வற்புறுத்தவில்லை. வாசல்வரை வந்து ஒன்றை மட்டும் சொன்னாள். "கட்டும்போது மடியில வச்சுக்காத. அது ஒண்ணுதான். அதச் செஞ்சா பாதி வேலை முடிஞ்சது."

அந்த ஒன்றுதான் முடியாதது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜீவிதாவின் முகத்தில் காற்றுப் படும்படி திருப்பி வைத்துக்கொண்டாள். வைகாசி வெயிலில் சிறுமலை வெளுத்துத் தெரிந்தது. காற்று முகத்தில் அடிக்கும்போதெல்லாம் குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடினாள். மீன் மாதிரி என்று யாரோ ஒருதரம் சொன்னது ஜோதிமணியின் நினைவுக்கு வந்தது. மீன் மாதிரிதான் இருந்தாள் அன்றைக்கும்.

போன ஐப்பசியில் நடந்தது. அவள் புருஷன் முத்துக்கிருஷ்ணன், நெய்து முடித்த சேலைகளைக் கொடுக்க நெசவாளர் சங்கத்துக்குப் போயிருந்தான். ஜோதிமணி குழந்தையைத் தறிக்குச் சற்றுத் தள்ளிப் பாயில் படுக்கப் போட்டுவிட்டுக் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். தெருவில் முப்பது வீட்டிலும் தறி ஓடும் நேரம். அந்தச் சத்தத்துக்குள் பேச வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் கத்தித்தான் பேச வேண்டும். அலசி முடித்து உள்ளே வந்தபோது பாய் காலியாக இருந்தது. பொன்னழகு தூக்கிக்கொண்டு போயிருப்பாள் என்று பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கே இல்லை. எதிர்வீட்டில் இல்லை. தெருமுனைவரை ஓடித் திரும்பினாள். புரளக்கூடத் தெரியாத பிள்ளை எங்கே போயிருக்க முடியும்? பேர் சொல்லிக் கத்திக்கொண்டே வீட்டுக்குள் மூன்றுமுறை சுற்றி வந்தாள். மூன்று முறையும் தறியைத் தாண்டித்தான் போனாள். நெய்கிறவன் கால் வைத்து மிதிக்கத் தோண்டியிருக்கும் தறிக்குழிக்குள், மிதிக்கட்டைகளுக்கு நடுவே, ஜீவிதா மல்லாந்து கிடந்தாள். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் புரண்டிருக்கிறாள். கண்ணிலிருந்து நீர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. அழுதுகொண்டுதான் இருந்தாள். எவ்வளவு நேரமாகவோ, முழு பலத்தோடு அழுதுகொண்டிருந்தாள். சத்தம்தான் இல்லை.

அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஜோதிமணி மகளை மடியைவிட்டு இறக்கவில்லை. சோறு பொங்கும்போது இடுப்பில், முடிச்சுக் கட்டும்போது மடியில். முத்துக்கிருஷ்ணன் குழிக்கு ஒரு பலகை அடித்தான். தறியைவிட்டு எழுந்தால், தண்ணீர் குடிக்கப் போனால்கூட, பலகையை இழுத்து மூடிவிட்டுத்தான் போவான். நீ ஏன் கொல்லைக்குப் போனாய் என்று அவன் கேட்கவில்லை. நீங்கள் ஏன் முன்னாடியே பலகை போடவில்லை என்று அவளும் கேட்கவில்லை. கேட்காத அந்த இரண்டு கேள்வியும் எட்டு மாதமாக வீட்டுக்குள் அவர்களோடு சேர்ந்து சாப்பிட்டு, அவர்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டன.

அன்று சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு அவன் கை கழுவ வந்தபோது, அவள் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னாள். மனதுக்குள் நூலை இழுத்ததும் மகளின் விலா நின்றதையும் சொன்னாள். அவன் துண்டால் கையைத் துடைத்தபடியே கேட்டான்.

"அப்ப மடியில வேணாங்குறாங்களா?"

"வேணாமாம். கீழ போட்டுட்டு எனக்குக் கட்ட வராதுங்க. கண்ணு அவகிட்டதான் இருக்கும்."

"எங்கிட்ட விட்டுரு. தறிக்குப் பக்கத்துல படுக்க வைப்போம். குழி ஓரத்துல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அந்தக் குழி ஓரத்துலயா?"

"நான் குழிக்குள்ள இருக்கும்போது அவ எப்படி ஜோதி அதுல விழுவா?" என்றான் அவன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. "விழுந்தா எம்மேலதான விழணும்."

எட்டு மாதத்தில் அந்தக் குழியைப் பற்றி அவர்கள் பேசிய முதல் பேச்சு அது.

மறுநாள் பழைய சாக்கு இரண்டில் கழிவு நூலையும் பஞ்சையும் அடைத்து, சர்புன்னிசா சொன்னபடி ஒரு பக்கம் உயரமும் ஒரு பக்கம் சரிவுமாக அவன் ஒரு திண்டு தைத்தான். நெய்கிறவனின் தையல், பிரிக்கவே முடியாதபடி இருந்தது. குழியின் ஓரத்தில், அவனுடைய வலது கைக்கு எட்டும் தூரத்தில், ஜீவிதாவை அதன்மேல் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். முதுகுக்கு ஒரு சுருட்டிய போர்வை, வயிற்றுக்கு ஒன்று. தறி ஓட ஆரம்பித்ததும் திண்டு, தரை, குழந்தையின் கன்னத்துச் சதை எல்லாம் சேர்ந்து லேசாக அதிர்ந்தன. ஜீவிதா பயந்துபோனாள். உடம்பை விறைத்து, வாயைத் திறந்து, அந்தச் சத்தமில்லாத அழுகையை அழுதாள். ஜோதிமணி முன்கட்டிலிருந்து ஓடிவந்து தூக்கிக்கொண்டாள். மறுநாளும் அப்படியே ஆனது. நாலாம் நாள் அவள் ஓடிவந்து குனிந்தபோது, முத்துக்கிருஷ்ணன் நெய்வதை நிறுத்தாமலே, "செத்த நேரம் இரு" என்றான். அவள் நின்றாள். அவன் தறிப்பலகையை முன்னால் இழுத்து அடிக்கும்போது அவனுடைய நெஞ்சிலிருந்து "ஹும்" என்று மூச்சு வெளியே வந்தது. மிதிக்கும்போது உள்ளே போனது. இழுத்தால் வெளியே, மிதித்தால் உள்ளே. கல்யாணமாகி ஏழு வருடமாக அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், ஆனால் அன்றைக்குத்தான் அதைக் கவனித்தாள். வேலை செய்யும்போது அவன் மூச்சு விடுகிறான். அவளோ பிடித்துவைக்கிறாள். குழந்தையின் கண் அவனுடைய கையோடு போய்ப் போய் வந்தது. விறைப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, சாக்கின் சரிவில் உடம்பு ஈரத்துணி மாதிரி படிந்தது.

மடி காலியானபிறகும் ஜோதிமணியின் பழக்கம் போகவில்லை. மகள் தூரத்தில் இருந்தாலும் அவள் மூச்சைப் பிடிப்பதை விட வேண்டும் என்று அடுத்த செவ்வாய்க்கிழமை சர்புன்னிசா சொன்னாள். "நீ அவளத் தூக்குற நேரம், குளிப்பாட்டுற நேரம், எல்லாத்துலயும் மூச்சப் பிடிச்சுக்கிட்டுத்தான் செய்யிற. பாட்டுப் பாடிக்கிட்டே கட்டிப் பாரு. பாடுனா மூச்சு வெளிய வந்துதான் ஆகணும்."

"எனக்குப் பாட வராதுக்கா. நான் பாடுனா இருக்குற புள்ளையும் எந்திரிச்சு ஓடிரும்."

"எந்திரிச்சு ஓடுனா அதவிட என்ன வேணும்? அப்ப நாளைலருந்து பாடு." சர்புன்னிசா தன் பேச்சுக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தாள். "சரி, பேசு. ஒரு முடிச்சுக்கு ஒரு சொல்லு. இறுக்கும்போது வாயைத் திறந்து சொல்லணும்."

என்ன சொல்வது? முதலில் காய்கறிப் பெயர்களைச் சொன்னாள். அது ஒரு வரிசை முடிச்சுக்குள் தீர்ந்துபோனது. சொந்தக்காரர்கள் பெயரைச் சொன்னாள். சில பெயர்களைச் சொல்லும்போது நூல் அதிகமாக இறுகியது. கடைசியில் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் கூவும் ஊர்ப் பெயர்களுக்கு வந்து சேர்ந்தாள். நத்தம், ஒரு முடிச்சு. கன்னிவாடி, ஒரு முடிச்சு. தாடிக்கொம்பு, ஒரு நீள முடிச்சு. வத்தலக்குண்டு, அதைவிட நீளம். ஊர்ப்பெயர் நீளமானால் மூச்சும் நீளமாக வெளியே போனது. நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து அவள் ஜில்லா பூராவும் சுற்றி வந்தாள்.

பக்கத்து வீட்டுப் பொன்னழகு ஒருநாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "ஏன்டி ஜோதி, முடிச்சு கட்டுறியா, பஸ்ஸு ஓட்டுறியா? பழனிக்கு ஒரு டிக்கெட் குடு."

"பழனி பஸ்ஸு கால்முழம் முந்திப் போயிருச்சு. முந்தானைல வா, ஏத்திக்கிறேன்."

உள்ளேயிருந்து தறி ஒரு கணம் தடுமாறியது. முத்துக்கிருஷ்ணன் சிரித்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு மத்தியானம் சோறு போடும்போது அவன் கேட்டான்: "இம்புட்டுப் பேச்சையும் ஏழு வருசமா எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

"முடிச்சுக்குள்ள," என்றாள். சொல்லிவிட்டு, வெஞ்சனத்தை இரண்டு கரண்டி கூடுதலாகவே வைத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கல்யாணமான புதிதில் அப்படித்தான் குனிந்துகொள்வான்.

ஆனி மாதம் முழுவதும் அந்த வீட்டில் ஊதுவதே வேலையாக இருந்தது. கொல்லையில் நின்ற பப்பாளி மரத்தின் இலைக்காம்பை வெட்டி, கும்பாவில் தண்ணீர் ஊற்றி, மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து ஊதினார்கள். அப்பா ஊதினால் குமிழி தரையெல்லாம் தெறிக்கும். அம்மா ஊதினால் கும்பா விளிம்புவரை வரும். ஜீவிதா காம்பை வாயில் வைத்தால் முதலில் உறிஞ்சிப் புரையேறினாள். பிறகு கடித்தாள். தறியடியில் சேரும் நூல்பஞ்சை உருட்டிப் பலகைமேல் வைத்து ஊதச் சொன்னார்கள். அவள் ஊதவில்லை. அப்பா ஊதிய பஞ்சு பறந்துபோய் அம்மாவின் மூக்கில் ஒட்டியதை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நாள் கழித்து ஒரு மத்தியானம், யாரும் சொல்லாமல், தனக்கு முன்னால் கிடந்த பஞ்சு உருண்டை மேல் "ப்பு" என்றாள். பஞ்சு ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது. முத்துக்கிருஷ்ணன் அந்தப் பஞ்சை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதைச் சட்டையோடு துவைத்துவிட்டாள் என்று மனைவியிடம் இரண்டு நாள் கோபமாக இருந்தான்.

ஆனால் அதோடு சரி. பஞ்சு நகரும் மூச்சு வந்தது, சத்தம் வரவில்லை.

ஆடி பிறந்து காற்று இறங்கிய வாரத்தில் வேலுசாமி வந்தார். துணி கொடுத்து முடிச்சுக் கட்டி வாங்குகிறவர். சாயம் போட்டுக் காய்ந்த துணியை அவிழ்க்கும் வேலையும் கட்டின வீட்டுக்கே வரும். அன்றைக்கு வேலுசாமி சைக்கிளிலிருந்து ஒரு சேலையை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். ஊதா நிறம். ஓரத்தில் ஒரு சாண் மட்டும் அவிழ்த்துப் பார்த்திருந்தார்.

"இதப் பாரு தாயி. உங்கையிலயா இந்த வேலை?"

ஜோதிமணி பார்த்தாள். கடுகளவு நிற்க வேண்டிய புள்ளிகள் நிற்கவில்லை. கிள்ளின அளவு தப்பி, சில புள்ளி மிளகளவு, சில புள்ளி துவரையளவு, ஓரம் கலைந்து விரிந்திருந்தன.

"ஒவ்வொண்ணும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது," என்றார் வேலுசாமி. கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. "உங்கட்டுன்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போவேன். ஊருப் பேரச் சொல்லிக்கிட்டே கட்டுறியாமே? வேலைல வாயத் தொறக்கலாமா? பழையபடி கட்டு தாயி. இந்தச் சேலைய நீயே கட்டிக்க. இத நான் எந்தக் கடையில கொண்டு போடுறது?"

அவர் போனபிறகு அவள் வெகுநேரம் அந்த ஒரு சாணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து கட்டுகிறாள். இந்தத் தெருவில் அவளுக்கு என்று இருந்த ஒரே பேர் இந்தக் கைதான். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. குழி ஓரத்தில் குழந்தை சாக்குத்திண்டின் மேல் கிடந்தாள். மூச்சு சீராகத்தான் இருந்தது, மேலே போய்க் கீழே வந்தது. அதற்கு மேல் என்ன வந்துவிட்டது? ஒரு பஞ்சு நகர்ந்தது. தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பழையபடி கட்டினால் என்ன? மடி, மகளின் கனமில்லாமல் இந்த இரண்டு மாதமாகவே ஏங்கிக்கொண்டுதான் இருந்தது. மகளைத் தூக்கக் கையை நீட்டியேவிட்டாள்.

முத்துக்கிருஷ்ணன் தறியை நிறுத்தினான். வேலுசாமி பேசியது அவன் காதில் விழுந்திருந்தது. குழியிலிருந்து எழுந்து, வழக்கம்போலப் பலகையை இழுத்து மூடி, அந்த ஊதாச் சேலையை எடுத்து ஒரு முனையை அவள் கையில் கொடுத்தான்.

"வா, அவிழ்ப்போம்."

"இத அவிழ்த்து என்ன செய்ய?"

"எம்பொண்டாட்டி கட்டிக்கிறதுக்கு."

முடிச்சு அவிழ்ப்பதற்கு ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியதில்லை. இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்துக் குறுக்காகச் சுண்டி இழுத்தால், கட்டின நூல் தெறித்து, முடிச்சுகள் வரிசையாகப் பட்பட்டென்று திறந்துகொள்ளும். வாணலியில் கடுகு வெடிப்பதுபோல ஒரு சத்தம். அவர்கள் ஜீவிதாவுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். சேலை அவளுக்கு மேலே பந்தல் மாதிரி நின்றது. "நத்தம்," என்று முத்துக்கிருஷ்ணன் கேலியாகக் கூவிக்கொண்டே இழுத்தான். ஒரு வரிசை படபடவென்று தெறித்தது. நூல்துணுக்குகள் குழந்தையின் முகத்தில் விழுந்தன. ஜோதிமணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "கன்னிவாடி," என்று அவளும் இழுத்தாள். படபடபட.

மூன்றாம் முறை அவர்கள் இழுக்கும்போது கீழேயிருந்து வந்தது. தொண்டையிலிருந்து வரும் சத்தமாக அது இல்லை. வயிற்றிலிருந்து புறப்பட்டு, விலாவைத் தள்ளிக்கொண்டு, வழியில் எங்கும் நிற்காமல் வெளியே வந்த ஒரு சிரிப்பு. கரகரவென்று, வெகுநாள் திறக்காத கதவு மாதிரி இருந்தது. சிரித்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டு ஜீவிதாவே திடுக்கிட்டாள். யார் அது என்று பார்ப்பதுபோல் கண்ணை அங்குமிங்கும் உருட்டினாள்.

ஜோதிமணியின் கையிலிருந்து சேலை நழுவியது.

"விடாத, இழு," என்றான் அவன். "இன்னும் முக்காச் சேலை இருக்கு ஜோதி. விடாத."

ஆறு கஜத்தையும் அவிழ்த்து முடிப்பதற்குள் ஜீவிதா ஐந்து தடவை சிரித்தாள். கடைசியில், இனி முடிச்சில்லை என்று அவர்கள் நின்றபோது, அவள் விடவில்லை. மேலே தொங்கிய துணியைப் பார்த்து, மூச்சை உள்ளே இழுத்து, "ப்பூ" என்றாள். ஊதுவதுதான். ஆனால் இந்தத் தடவை ஊதலுக்குள் குரல் இருந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, யாரும் இழுக்காததால், மறுபடி "ப்பூ" என்றாள். இழுங்கள் என்று சொல்கிறாள். கூப்பிடுகிறாள்.

தரையெல்லாம் நூல்துணுக்கு. ஜோதிமணி மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்கப்படி கை தானாகப் போய் அவளைத் தூக்கப் பார்த்தது. நிறுத்திக்கொண்டு, விலாவில் மட்டும் கையை வைத்தாள்.

"சத்தமில்லாத வீட்டுலதான் கேக்கும், இத்தனூண்டு சத்தம்," என்றாள். "தறி ஓடுனா கேக்காது."

முத்துக்கிருஷ்ணன் குழியின் பலகையை நகர்த்தி உள்ளே இறங்கி உட்கார்ந்தான். நூலை ஏந்திக்கொண்டு இங்குமங்கும் ஓடும் நாடாவைக் கையில் எடுத்தான்.

"நீ கொல்லைக்குப் போ," என்றான்.

"எதுக்கு?"

"போ. அன்னைக்கு நின்ன எடத்துலயே போயி நில்லு. எங்காதுல விழுந்தா தறிய நிறுத்துறேன். தறி நின்னா நீ வா. இல்லாட்டி, நாளைக்கிப் பாப்போம். நாளான்னைக்கிப் பாப்போம். நான் எங்கயும் போகப் போறதில்ல."

அவள் எழுந்தாள். போகிறபோக்கில் அந்த ஊதாச் சேலையையும் எடுத்துக்கொண்டாள். முடிச்சின் சுருக்கம் போக நீரில் அலசிக் காயவைக்க வேண்டும். நடையைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். குழியின் விளிம்பில், அப்பாவின் கைக்கு எட்டும் தூரத்தில், மகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா போகிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது.

கொல்லையில் தொட்டித் தண்ணீரில் சேலையை முக்கிப் பிழிந்து கொடியில் போட்டாள். அன்றைக்கு நின்ற அதே கல். உள்ளே தறி ஆரம்பித்தது. தெருவின் முப்பது தறியோடு அதுவும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் தன் வீட்டுத் தறியை அவளால் பிரித்துக் கேட்க முடிந்தது, கூட்டத்தில் தெரிந்தவர் இருமலைக் கண்டுபிடிப்பதுபோல. இழுத்தால் வெளியே, மிதித்தால் உள்ளே. நேரம் போனது. பப்பாளி மரத்தில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து எழுந்துபோனது. ஓடிப் போய்ப் பார்க்கக் கால் துடித்தது. நெஞ்சு கல்லாக இறுகியிருந்ததை அப்போதுதான் உணர்ந்தாள். எவ்வளவு நேரமாகவோ மூச்சு விடாமல் நின்றிருக்கிறாள்.

"நத்தம்," என்றாள் சத்தமாக. மூச்சு வெளியே வந்தது. "கன்னிவாடி." ஈரக்கையைச் சேலை முந்தானையில் துடைத்தாள். "தாடிக்கொ..."

தறி நின்றது.

மற்ற வீட்டுத் தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவர்களுடையது மட்டும் பாதி அடியில் நின்றது. நாடாவை மரத்தின்மேல் வைக்கும் சின்னச் சத்தம் அவளுக்குக் கேட்டது, அல்லது கேட்டதுபோல் இருந்தது. கொடியில் அந்த ஊதாச் சேலைக்குள் ஆடிக்காற்று புகுந்தது. சேலை மெல்ல உப்பி எழுந்து, வாயைத் திறந்த அத்தனை புள்ளிகளோடும் ஒரு கணம் நின்று, தளர்ந்து இறங்கியது. அவள் வாசற்படியை நோக்கி நடந்தாள்.